உளவுக்கதை சொல்லும் தம்பி தங்கைகளுக்கு ஒரு பழைய டைப்பிஸ்டின் திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

தமிழில் உளவாளிகளைப் பற்றி வீடியோ போடுகிறவர்கள், ஒலித்தொடர் செய்கிறவர்கள், வாரத்தொடர் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருடைய குரல் எனக்கு நன்றாகப் பழக்கம். காலையில் நான் காய் நறுக்க உட்காரும்போது பேத்தி தன் போனில் உங்களைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விடுவாள், குழம்பு கொதித்து இறக்கும்வரை நீங்கள் பேசிக்கொண்டே இருப்பீர்கள். பிரிட்டனுக்கு உளவு பார்த்த சிட்னி ரெய்லி, சோவியத்துக்கு உளவு பார்த்த ரிச்சர்ட் சோர்கே, கேம்பிரிட்ஜ் ஐவர் என்று இத்தனை பேரை எனக்குத் தெரியவந்ததே உங்களால்தான், அதற்கு முதலில் நன்றி. கேட்டதோடு நிற்காமல் நானும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஓய்வுபெற்றவளுக்கு நேரம் இருக்கிறது, கண்ணும் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது, அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் எப்போதும் அனுப்பியவரின் கதையைத்தான் சொல்கிறீர்கள். போனவர்களின் கதை அதில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் இருந்த அந்த இருபது வருஷம் உங்களுக்கு ரொம்பப் பிடித்த காலம் என்று தெரியும். சோவியத் உளவுத்துறை நடத்திய 'டிரஸ்ட்' கதையை உங்களில் மூன்று பேர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். 1921-லிருந்து 1927 வரை ஒரு போலி எதிர்ப்பு இயக்கத்தையே நடத்தி, வெளிநாட்டில் இருந்த ஜார் ஆதரவாளர்களை 'உள்ளே நமக்கு ஆள் இருக்கிறது' என்று நம்பவைத்து, கடைசியில் 1925 செப்டம்பரில் சிட்னி ரெய்லியையே ஃபின்லாந்து எல்லை வழியாக வரவழைத்துப் பிடித்தார்கள். எல்லையில் ஒரு போலித் துப்பாக்கிச் சண்டை நடத்தி, ஆள் அங்கேயே செத்துப்போனான் என்று உலகத்தை நம்பவைத்துவிட்டு, நவம்பர் 5-ஆம் தேதி மாஸ்கோவில் வைத்துச் சுட்டார்கள். இதே மாதிரியான இன்னொரு வலையில் 1924-இல் விழுந்த போரிஸ் சவின்கோவ் அடுத்த வருஷம் மே மாதம் சிறைக் கட்டிடத்தின் ஜன்னலிலிருந்து விழுந்து செத்தார். கேட்க விறுவிறுப்பாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மாஸ்டர்மைண்ட், மாஸ்டர்மைண்ட் என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்த அர்த்தூர் அர்த்துசோவை 1937 ஆகஸ்டில் அவருடைய அரசாங்கமே சுட்டுக் கொன்றது. டிரஸ்டின் முகமாக ஊர் ஊராகப் போய்ப் பேசிய யாகுஷெவ், முதலில் கைதாகி, மிரட்டலுக்குப் பணிந்து அவர்கள் பக்கம் போனவர், கடைசியில் தண்டனை முகாமில் முடிந்துபோனார். நான் கேட்ட மூன்று வீடியோவிலும் இது இல்லை. ரெய்லி சுடப்பட்டவுடன் இசையை ஏற்றி முடித்துவிடுகிறீர்கள்.

சரி, அது ரஷ்யா, பெரிய ஆட்களின் கதை. நான் சொல்லவந்தது ஒரு டைப்பிஸ்டின் கதை.

அவள் பெயர் ஓல்கா கிரே. (அவள் என்றுதான் எழுத வருகிறது. கூட வேலை பார்த்த பெண்களை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம், மரியாதைக் குறைவு இல்லை.) 1906-இல் பிறந்தவள், பர்மிங்ஹாம் பக்கத்துப் பெண், தட்டச்சு வேலை. அங்கே ஒரு தோட்ட விருந்தில், ரகசியத் துறையில் வேலை பார்க்க ஆசை உண்டா என்று ஒரு பெண்மணி விளையாட்டாகக் கேட்பதுபோலக் கேட்டதில் ஆரம்பித்தது அவளுடைய கதை. 1931-இல், இருபத்தைந்து வயதில், லண்டனில் சோவியத் நட்புறவு அமைப்பு ஒன்றின் கூட்டங்களுக்குப் போய் உட்கார ஆரம்பித்தாள். கம்யூனிஸ்டுகளை உள்ளே இருந்து கண்காணிக்க அவளை அனுப்பியவர் மேக்ஸ்வெல் நைட். பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்ஐ5-இல் அப்போதுதான் சேர்ந்தவர், அதற்கு முன்னால் பிரிட்டிஷ் பாசிஸ்டுகள் அமைப்பின் உளவுப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். வீட்டில் கரடி, குரங்கு, பாம்பு எல்லாம் வளர்த்ததும், பின்னாளில் பிபிசியில் குழந்தைகளுக்கு இயற்கையைப் பற்றிப் பேசியதும் உங்களுக்கு மனப்பாடம். நைட்டைப் பற்றி நாற்பது நிமிடம் பேசிய ஒரு தம்பி, ஓல்காவுக்குக் கொடுத்தது ஒன்றரை நிமிடம். அடுப்பை அணைத்துவிட்டு அதை மறுபடி ஓட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

நைட் அவளுக்குச் சொல்லியனுப்பியதன் சாரம் இவ்வளவுதான்: நீயாக எதையும் கேட்காதே, நீயாக எதிலும் முந்திக்கொண்டு போகாதே, அவர்களாகக் கூப்பிடும்வரை காத்திரு. காத்திருந்தாள். எத்தனை நாள் என்று நினைக்கிறீர்கள்? 1931-லிருந்து 1938 ஜனவரி வரை, ஆறு வருஷத்துக்கும் மேல். கூட்டத்துக்குப் போவது, நோட்டீஸ் அடித்துக்கொடுப்பது, உறை ஒட்டுவது, ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகத்தின் கடிதங்களை டைப் அடிப்பது, டீ குடிப்பது, வீட்டுக்குப் போய்ப் படுப்பது, மறுபடி போவது. இதில் வீடியோவுக்கு ஆகிற காட்சி ஒன்றும் இல்லை என்பதால்தான் நீங்கள் தாண்டிப் போய்விடுகிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் அந்த வேலையே இதுதானே?

இதை நான் எதற்கு இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நானும் திருச்சியில் டைப்ரைட்டிங் லோயரும் ஹையரும் முடித்து, சுருக்கெழுத்தும் பாஸ் பண்ணி, முப்பத்தொரு வருஷம் ஒரு அலுவலகத்தில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள். உங்கள் வயதுக்காரர்களுக்கு ஒன்று தெரிந்திருக்காது. பியூன் டீ கொண்டுவந்தால்கூட அதிகாரிகள் பேச்சை நிறுத்துவார்கள், டைப்பிஸ்ட் இருந்தால் நிறுத்தமாட்டார்கள். மெஷின் மாதிரி நாங்களும் அந்த அறையின் சாமான் ஆகிவிடுவோம். அப்புறம் கார்பன் தாள். ஒரே ஒரு தடவை அடித்த புதுக் கார்பனை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால், அடித்த எழுத்தெல்லாம் கருப்புக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும், கடிதம் முழுசையும் வாசித்துவிடலாம். அதனால் ரகசியக் கடிதம் அடித்தால் கார்பனைக் கிழித்துப் போடவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தருவார்கள். ஓல்கா கார்பனைத் தூக்கிப் பார்த்தாள் என்று சொல்லவரவில்லை, அவளுக்கு அது தேவைப்பட்டிருக்காது. அடிக்கிறவளுக்குக் கை வழியாகவே எல்லாம் மனசுக்குள் போய்விடும். முப்பது வருஷத்துக்கு முன்னால் அடித்த சில கடிதங்களின் முதல் வரி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

1934-இல் அவளை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இந்தியா என்றதும் நிமிர்ந்து உட்காருவீர்கள், ஆனால் இதையும் உங்களில் யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. அனுப்பியது பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சி. பொதுச் செயலாளர் ஹாரி பாலிட்டும், பெர்ஸி கிளேடிங் என்பவரும் அவளை அந்த அளவுக்கு நம்பினார்கள். கிளேடிங் வூல்விச் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, கட்சியை விடமாட்டேன் என்றதால் 1928-இல் வெளியேற்றப்பட்டவர், அதற்கும் முன்னால் 1925-இல் வேறு பெயரில் இந்தியாவுக்கே வந்துபோனவர். இந்தியத் தோழர்களுக்குப் பணமும் கட்சியின் குறிப்புகளும் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், இதுதான் வேலை. பாரிஸில் கிளேடிங்கைப் பார்த்து வாங்கிக்கொண்டு பம்பாய்க்குக் கப்பல் ஏறினாள். ஜூன் மாதம், மழைக்காலம். துணையில்லாத ஓர் இளம் ஆங்கிலப் பெண் பருவமழையில் பம்பாய்க்கு எதற்கு வருகிறாள் என்று துறைமுகத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று கட்சிக்காரர்கள் யோசிக்கவே இல்லை. கடைசியில் உடம்புக்குக் கடல் பயணம் நல்லது என்று டாக்டர் சொன்னதாக ஒரு கதையை அவளுக்குத் தயார் செய்துகொடுக்க நைட்டே உதவவேண்டி வந்தது. கம்யூனிஸ்டுகளின் ரகசியத் தூதுவருக்கு, அவர்களைக் கண்காணிக்கிற துறையே பொய்க்காரணம் எழுதித்தருகிறது!

இந்த இடத்தில் நைட்டின் சாமர்த்தியத்தைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், தயவுசெய்து. கப்பலில் அத்தனை நாள் தனியாக உட்கார்ந்திருந்தவளை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பிடிபட்டால் போலீஸ், இன்னொரு பக்கம் பிடிபட்டால் தோழர்கள். இரண்டு பக்கத்துக்கும் சொல்லவேண்டிய பொய்யை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு, கடலைப் பார்த்துக்கொண்டு.

போய்த் திரும்பியபின் நம்பிக்கை இன்னும் கூடியது. 1935-இல் கோவென்ட் கார்டனில் 16, கிங் ஸ்ட்ரீட் என்ற முகவரியில் இருந்த கட்சித் தலைமையகத்தில் பாலிட்டுக்கே செயலாளராக உட்கார்ந்தாள். ஒரு உளவுத்துறைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அங்கேதான் அவள் உடைந்தாள். நரம்புத் தளர்ச்சி, ஆஸ்பத்திரி, வேலையை விட்டு விலகல். எதிரி யாரும் அவளை மிரட்டவில்லை. தினமும் காலையில் ஒருவருக்கு வணக்கம் சொல்லி, அவர் சொல்லச் சொல்ல அடித்து, சாயங்காலம் அதை இன்னொருவரிடம் ஒப்பிப்பது, அதுவே அந்தப் பெண்ணை உடைத்துவிட்டது.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். என் கதை ஒன்றைச் சொன்னால்தான் காரணம் புரியும். எண்பதுகளில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதிகாரி கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, ஒரு மெமோவுக்கு டிக்டேஷன் கொடுத்தார். விடுமுறைப் பயணச் சலுகைக்கான எல்டிசி பில்லில் பொய்க்கணக்கு என்று குற்றச்சாட்டு. யார் மேல் என்றால் என் பக்கத்து சீட்டில் உட்காருகிறவள் மேல், ஏழு வருஷமாக என்னோடு டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொள்கிறவள் மேல். வெளியே சொன்னால் என் வேலை போகும். மெமோ அவள் கைக்குப் போனது வெள்ளிக்கிழமை. நடுவில் மூன்று மதியம் நாங்கள் எப்போதும்போல் சேர்ந்து சாப்பிட்டோம். புதன்கிழமை அவள் புளியோதரை கொண்டுவந்திருந்தாள், எனக்குப் பிடிக்கும் என்று நிலக்கடலை அதிகமாகப் போட்டு. என்னால் விழுங்க முடியவில்லை. உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி, "உனக்கு முன்னாலேயே தெரியும்ல?" தெரியும் என்றேன். அதற்கப்புறம் அவள் என்னோடு சாப்பிட உட்காரவே இல்லை. நான் செய்தது என் வேலைதான், இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த மூன்று மதியத்தை நாற்பது வருஷமாகியும் மறக்க முடியவில்லை. ஓல்கா ஆறு வருஷம் அப்படிச் சாப்பிட்டாள்.

அவள் வெளியே வந்தாளா என்றால் அதுவும் நடக்கவில்லை. 1937 தொடக்கத்தில் கிளேடிங் மறுபடி வந்தார். ஒரு வீடு வாடகைக்கு எடுத்து அதில் நீ குடியிரு, வாடகை நாங்கள் கொடுக்கிறோம், வாசலில் காவலாள் இல்லாத வீடாகப் பார் என்றார். கென்ஸிங்டனில் 82, ஹாலண்ட் ரோடு. ஒதுங்கிவிடவேண்டும் என்று இருந்தவளை நைட் பேசிச் சம்மதிக்கவைத்தார். அந்த வீட்டுக்கு 'மிஸ்டர் பீட்டர்ஸ்' என்று ஒருவர் வந்தார், உயரமானவர், வெளிநாட்டு உச்சரிப்பு. அவர்தான் தியோடர் மாலி, ஹங்கேரிக்காரர், ஒரு காலத்தில் கத்தோலிக்கப் பாதிரியாராவதற்குப் படித்தவர், கேம்பிரிட்ஜ் ஐவரை நடத்தியவர்களில் ஒருவர். அதே வருஷம் மாஸ்கோ அவரைத் திரும்ப அழைத்தது. அங்கே என்ன காத்திருக்கிறது என்று தெரிந்தேதான் போனார், 1938-இல் சுட்டுக் கொன்றார்கள். மாலியை அனுப்பியவர்களும் ஓல்காவை அனுப்பியவர்களும் எதிரெதிர் முகாம். போனவர்கள் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருவர் யாரென்று மற்றவருக்குத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்தக் குளியலறை. 1937 அக்டோபரில் 'ஸ்டீபன்ஸ்' தம்பதி என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் வந்து, அதற்காகவே வாங்கிப்போட்ட ஒரு நீள மேசையின் மேல் பெரிய வரைபடம் ஒன்றை விரித்துப் பகுதி பகுதியாகப் படம் எடுத்தார்கள். வேலை முடிந்து நெகட்டிவ்களை உலர்வதற்காகக் குளியலறையில் தொங்கவிட்டிருந்தார்கள். ஓல்கா வீட்டுக்காரி மாதிரி டீ போட்டுக்கொண்டு, நடுவில் போய் வந்து, ஈரம் சொட்டுகிற அந்த நெகட்டிவில் இருந்த எண்ணைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டாள். போர்க்கப்பலில் பொருத்தும் 14 அங்குலப் பீரங்கியின் வரைபடம் அது என்று அந்த எண்ணை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. டைப்பிஸ்டின் கண், எண்களைத் தப்பில்லாமல் எடுத்துப் பழகிய கண், அவ்வளவுதான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முழு அத்தியாயத்தையும் இந்த அறைக்குள்ளேயே வைத்துச் சொல்வேன்.

1938 ஜனவரி 21. அன்று மதியம் அவளோடு சாப்பிட்டபோது கிளேடிங்கே வாய்விட்டுச் சொன்னார், இரவு 8.15-க்கு சேரிங் கிராஸ் ரயில் நிலையத்தில் ஒருவரிடமிருந்து சரக்கு வாங்கப்போகிறேன் என்று. அவள் போன் செய்து சொன்னாள். ஆல்பர்ட் வில்லியம்ஸ் என்ற தொழிற்சாலை ஊழியர் பழுப்புக் காகிதப் பொட்டலம் ஒன்றைக் கிளேடிங் கையில் கொடுத்ததும் போலீஸ் இருவரையும் சேர்த்துப் பிடித்தது. கிளேடிங்குக்கு 6 வருஷம், வில்லியம்ஸுக்கு 4, அதே தொழிற்சாலையில் வேலை பார்த்து இந்த வழக்கில் சிக்கிய ஜார்ஜ் வோமாக்குக்கு 3. சாட்சி சொல்ல வந்தபோது அவளுக்குப் பெயர் இல்லை, 'மிஸ் எக்ஸ்'. அவளுடைய தைரியத்தை நீதிபதி பாராட்டினார். பத்திரிகைகள் மர்ம அழகி என்று எழுதித் தள்ளின. துறை அவளுக்கு ஒரு பெரிய ஓட்டலில் விருந்தும் 500 பவுண்டும் கொடுத்தது, அதோடு கணக்கு முடிந்தது. பிறகு கனடாவுக்குப் போய் வேறு பெயரில் வாழ்ந்து 1990-இல் இறந்தாள்.

அவள் நாட்டுக்கு நல்லது செய்தாளா என்று கேட்டால், எனக்கு அதில் ஒரே பதில் இல்லை. ராணுவ ரகசியம் வெளியே போகாமல் தடுத்தாள், அது பெரிய காரியம்தான். ஆனால் அதே பெண் பம்பாயில் யாரைப் போய்ப் பார்த்தாள்? நம் நாட்டு விடுதலைக்காகச் சங்கம் கட்டியவர்களை. தொழிற்சங்கத் தலைவர்கள் மேல் போட்ட மீரட் சதி வழக்கு முடிந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம் அது. 1934 ஜூலையில் இங்கே கம்யூனிஸ்ட் கட்சியையே தடை செய்தார்கள். லண்டனில் உட்கார்ந்து பார்த்தால் அவள் வீராங்கனை, பம்பாய் மில் தொழிலாளியின் குடிசையிலிருந்து பார்த்தால் அந்தச் சொல் வாயில் வராது. தமிழில் சொல்கிற உங்களுக்கு இரண்டு பக்கமும் நின்று பார்க்க முடியும், இங்கிலாந்துக்காரர்கள் எழுதியதை அப்படியே எடுத்து மொழிபெயர்த்துச் சொல்லவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. எனக்கு ஆதங்கமே இங்கேதான்.

நம் பக்கத்துக் கதை என்ன குறைவாகவா இருக்கிறது? 1923-இல் சென்னையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலருக்கு வெளிநாட்டிலிருந்து கம்யூனிஸ்ட் தலைவர் எம்.என். ராய் எழுதிய கடிதங்களை ஆங்கிலேய அரசு வழியிலேயே பிரித்துப் படித்துக்கொண்டிருந்தது. 1924-இல் கம்யூனிஸ்டுகள் மேல் போட்ட கான்பூர் சதி வழக்கில் அவர் பெயரும் சேர்ந்தது அப்படித்தான். அந்தக் கடிதங்களை யாரோ ஒருவர் கிழியாமல் பிரித்து, கையால் எழுதியோ டைப் அடித்தோ பிரதி எடுத்து, மறுபடி ஒட்டி அனுப்பியிருக்கவேண்டும். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு குமாஸ்தாவாகத்தான் இருக்கும். அந்த ஆள் வீட்டுக்குப் போய் என்ன நினைத்தான் என்று நான் யோசிக்காத நாளில்லை. லண்டனில் இந்தியர்களைக் கண்காணிக்க என்றே ஒரு தனி அலுவலகம் 1947 வரை இருந்தது, அதன் கோப்புகள் 1997-இல்தான் படிக்கக் கிடைத்தன, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1924-லிருந்து 1931 வரை டெல்லியில் உளவுத்துறையை நடத்திய டேவிட் பெட்ரி, 1941-இல் எம்ஐ5-க்கே தலைவரானார். அங்கே கையாண்ட வித்தையில் எவ்வளவு இங்கே நம் ஆட்கள் மேல் பழகியது என்று ஒரு தொடரே செய்யலாம்.

பிலிப் ஸ்ப்ராட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜில் படித்த பையன், 1926 கடைசியில் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் தூதனாகப் பம்பாய் வந்து, சங்கேதச் சொற்கள் நிறைந்த கடிதங்கள் எழுதிக்கொண்டு, தொழிலாளர் கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்தார். எழுதிய கடிதங்கள் போலீஸ் கைக்கும் போய்க்கொண்டே இருந்தன. 1929 மார்ச் 20-ஆம் தேதி விடிகாலையில் நாடு முழுக்க வீடு புகுந்து கைது செய்தபோது அவரும் உள்ளே போனார். முன்னால் சொன்ன மீரட் வழக்கு இதுதான், கிட்டத்தட்ட நான்கு வருஷம், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள், அத்தனையையும் யாரோ டைப் அடித்திருக்கிறார்கள். முதலில் 12 வருஷம் தண்டனை, அப்புறம் அது 2 ஆகக் குறைந்தது. வெளியே வந்தவர் ஊர் திரும்பவில்லை. சிங்காரவேலரின் உறவுப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார், கம்யூனிசத்தை விட்டு விலகி அதற்கு எதிராக எழுதுகிறவராக மாறினார், 1971-இல் சென்னையில் காலமானார். தலைமறைவாக வேலை பார்க்க வந்த ஊரில் மருமகனாகி, கொள்கை மாறி, அங்கேயே கண்ணை மூடிய ஒரு மனுஷன்! இவரை விட்டுவிட்டு ஆறாவது தடவையாக சோர்கேவைச் சொல்ல எப்படி மனசு வருகிறது?

இன்னொரு பெண்ணையும் சொல்லிவிடுகிறேன். கிளேடிங்கைப் பிடித்தபோது அவரிடம் சிக்கிய குறிப்பேட்டில் மெலிட்டா நார்வுட் என்ற பெண்ணை நோக்கிப் போகும் துப்பு இருந்தது. யாரும் அதைத் தொடர்ந்து போகவில்லை. அவளும் ஒரு அலுவலகச் செயலாளர்தான், உலோக ஆராய்ச்சிச் சங்கம் ஒன்றில். பின்னால் அந்தச் சங்கம் அணுகுண்டு ஆராய்ச்சியில் பங்கெடுத்தது. அவள் 1972-இல் ஓய்வுபெறும்வரை கோப்புகள் மாஸ்கோவுக்குப் போய்க்கொண்டிருந்தன. 1999-இல், அவளுடைய 87-ஆம் வயதில்தான் வெளியே தெரிந்தது, வீட்டுத் தோட்டத்தில் நின்று பத்திரிகைக்காரர்களிடம் பேசினாள், வழக்கு எதுவும் போடவில்லை. ஒரே கிளேடிங்கைச் சுற்றி இரண்டு செயலாளர்கள். ஒருத்தி அவரைக் காட்டிக்கொடுத்து, பெயரை மாற்றிக்கொண்டு நாட்டை விட்டே போனாள். இன்னொருத்தி அவருக்காக வேலை பார்த்து, முப்பத்தைந்து வருஷம் பிடிபடாமல் பென்ஷன் வாங்கினாள். இருவரையும் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, ஏனென்றால் இருவரும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. படத்தில் துப்பாக்கியும் தொப்பியும் வைத்த ஆளைப் போடுவதை ஒரு தடவையாவது நிறுத்திப் பாருங்கள். பெண் உளவாளி என்றதும் அழகால் மயக்கினாள் என்று தலைப்பு வைக்காதீர்கள். ஓல்காவை அப்படித்தான் தலைப்பிட்டிருந்தது நான் பார்த்த ஒரே தமிழ் வீடியோ, அவள் மயக்கியது யாரை? ஆறு வருஷம் பிழையில்லாமல் டைப் அடித்தாள். ஒருவர் எதற்காகப் போனார், எத்தனை நாள் இருந்தார், என்ன சம்பளம், திரும்பி வந்தபின் யார் அவரைக் கவனித்தார்கள், அவர் யாரிடம் பொய் சொன்னாரோ அந்த ஆள் வீட்டில் என்ன ஆயிற்று, இதெல்லாம் உங்கள் தேடலில் வரட்டும். துரோகி, வீரர் இந்த இரண்டு சொல்லையும் எடுத்து வைத்துவிட்டு எழுதிப் பாருங்கள், வாக்கியம் தானாக வேறு பக்கம் திரும்பும். பார்வை எண்ணிக்கை குறையும் என்று பயப்படுவீர்கள், அது உங்கள் பிழைப்பு, எனக்குப் புரிகிறது. ஆனால் என் பேத்தியிடம் அந்தக் குளியலறைக் காட்சியைச் சொன்னேன், வெறும் வாயால், அடுப்படியில் நின்றுகொண்டு. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்புறம் என்ன ஆச்சு பாட்டி" என்று கேட்டாள். பஸ்ஸைத் தவறவிட்டாள் அன்றைக்கு.

யாராவது ஸ்ப்ராட்டைப் பற்றியோ ஓல்காவின் பம்பாய்ப் பயணத்தைப் பற்றியோ செய்தால் சொல்லுங்கள், நான் படித்து எடுத்துவைத்த குறிப்பெல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கிறது, தந்துவிடுகிறேன். பாதி சுருக்கெழுத்தில் இருக்கும், உட்கார்ந்து வாசித்தும் சொல்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற சுருக்கெழுத்துத் தட்டச்சர் ஒருத்தி
திருச்சி